பீரங்கிக்குப் படைத்த சோறு

பீரங்கி சூடாக இருந்தது.

சிவானந்தன் துடைத்துக்கொண்டிருந்த துணியை எடுத்துவிட்டு வெறுங்கையை வைத்துப் பார்த்தான். வெளியே பனி. டேனிஷ் நகரமான சில்க்போர்க்குக்கு அருகிலிருந்த அந்தப் பழைய மாளிகையின் கூடத்தில் ஹீட்டர் போடுவதே இல்லை. ஆனால் வெண்கலம், யாரோ இவ்வளவு நேரமும் கட்டிப்பிடித்திருந்துவிட்டு இப்போதுதான் கையை எடுத்ததுபோல் இளஞ்சூடாக இருந்தது.

பீரங்கி வந்த கதையை மாளிகைக்காரர் பெருமையாகச் சொல்லியிருந்தார். அவருடைய முன்னோர் ஒருவர் மராட்டியப் படையில் சம்பளத்துக்குப் பீரங்கி அதிகாரியாக இருந்தாராம். ஆங்கிலேயக் கும்பெனி படையெடுத்து வந்தபோது, உதவிப்படையோடு வருகிறேன், அதுவரை பீரங்கியை விட்டு அசையாதீர்கள் என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டுக் குதிரையேறி, நேரே கும்பெனியிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆட்கள் அசையவில்லை. குண்டு தீர்ந்த பிறகும் கொட்டும் மழையில் பீரங்கிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்று வெட்டுப்பட்டுச் செத்தார்கள். அதிகாரிக்குக் கும்பெனி கொடுத்த பரிசுதான் இது.

கேட்ட நாள் முதல் சிவானந்தனுக்கு மனம் ஆறவில்லை. அவனும் காத்திருப்பவன். யாழ்ப்பாணத்திலிருந்த மனைவி யோகமலரை இங்கே கூப்பிட மனுப் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல். பொறுங்கள், வந்துவிடும் என்று குடிவரவு அலுவலகத்தில் சொன்னார்கள். அதை நம்பி, போன மாதம் இராணுவச் சுற்றிவளைப்புக்குப் பயந்து அயலெல்லாம் வெளிக்கிட்டபோதும், "நீ வீட்டை விட்டு அசையாதை, விசா வரும்" என்று அவளுக்குச் சொல்லியனுப்பினான். அதன் பிறகு அவளிடமிருந்து தகவல் இல்லை. சாப்பாட்டில் கறிவேப்பிலையைப் பொறுக்கி, தட்டின் விளிம்பில், நுனி வெளியே பார்க்க, வட்டமாக அடுக்கி வைப்பாள். அவன் எத்தனை கேலி செய்தும் விடமாட்டாள்.

இன்று தை அமாவாசை. அப்பாவுக்குப் படைத்த சோற்றில் ஒரு பங்கைக் காகிதத் தட்டில் கொண்டுவந்து, மத்தியானம் பீரங்கியடியில் வைத்தான். மாளிகையின் சமையலறையில் வேலை செய்யும் மகேந்திரராசா பார்த்துச் சிரித்தான்.

"என்ன சிவாண்ணை, பீரங்கிக்கும் படையலோ? உறைப்புக் காணுமோ எண்டு கேட்டனீங்களோ?"

"பாவமடா. அதுகளுக்கு ஆர் படைச்சிருக்கப் போகினம்?"

"பேர் தெரியாமல் எப்பிடிக் கூப்பிடுறது?"

அதுவும் சரிதான். சிவானந்தன் யோசித்தான். பிறகு கண்ணை மூடி, "நம்பிக் காத்திருந்து செத்த எல்லாரும் வந்து சாப்பிடுங்கோ" என்றான்.

மகேந்திரராசாவின் சிரிப்பு நின்றது. பேப்பரில் வந்ததை அப்போதுதான் சொன்னான். தமிழருடைய குடும்ப மனுக்களை மேலிடமே வேண்டுமென்று கிடப்பில் போட்டிருக்கிறதாம். "ஒருத்தரும் எடுத்துப் பாக்கேல்லை, அண்ணை. எங்களைப் பேய்க்காட்டியிருக்கினம்."

இப்போது மகேந்திரராசாவும் வீட்டுக்குப் போய்விட்டான். பின்னேரமே இருட்டிவிட்டது.

மெழுகுப் பாலிஷின் வாசனைக்கு அடியிலிருந்து முதலில் நனைந்த மண்ணும், பிறகு வெடிமருந்தும், பிறகு ஈரத்துணியில் ஊறிய இரத்தமுமாக ஒவ்வொன்றாய் எழுந்து கூடத்தை நிறைக்க, சற்றுமுன் சிவானந்தன் துடைத்துவிட்ட தரைப்பலகைகளில், கதவு திறக்காமலே, வெறுங்கால்களின் ஈரத்தடங்கள் பீரங்கியைச் சுற்றி நெருக்கமாக விழுந்தன. யாரோ மூச்சு விட்டார்கள். ஒருவரல்ல. பலர்.

மெல்லும் சத்தம் கேட்டது.

சுவரில் நிழல்கள். தலைப்பாகைகள். தோளோடு தோள். எல்லா முகங்களும் வாசலைப் பார்த்தபடி.

நடுக்கத்துக்குள்ளும் அவனுக்கு ஒரு சின்ன நிம்மதி. அவர்கள் எதிர்பார்ப்பது அந்த அதிகாரியை. அவனையல்ல.

குனிந்து தட்டைப் பார்த்தான்.

சோறு இல்லை. விளிம்பில் கறிவேப்பிலை. நுனி வெளியே பார்க்க. வட்டமாக.

"இல்லை" என்றான். "உன்னைக் கூப்பிடேல்லை. உன்னையில்லை."

தலைப்பாகைகளுக்கு நடுவே ஒரு ஈரப் பின்னல். பீரங்கியின் மேல் ஒரு கை. கையில் அவன் போட்ட மோதிரம்.

யோகமலர் மட்டும் வாசலைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சொன்னபடியே, அசையாமல்.

அவள் பார்வை போன பக்கம், மற்ற முகங்களும் ஒவ்வொன்றாக வாசலை விட்டுத் திரும்பின.