கருங்கயத்தாற்றின் பச்சைக்கோடு

கருங்கயத்தாறு முழுக்கக் கூன்கெண்டை நிறைந்திருப்பதாக வரைபடம் சொன்னது. செந்திரு நீச்சல் முகமூடி மாட்டிக்கொண்டு காலையிலிருந்து முங்கி முங்கிப் பார்த்துவிட்டாள். ஒரு குஞ்சுகூடக் கண்ணில் படவில்லை.

வரைபடத்துக்குச் செய்தி அனுப்பும் நீர்மோப்பியைச் செய்தவளே அவள்தான். மீன் உதிர்க்கும் வழவழப்பையும் செதில் தூளையும் தண்ணீரில் மோந்து, அந்த இடத்தைப் பச்சையாகக் காட்டும் கருவி அது. அணைக்குக் கீழே ஆறு நெடுக நட்டிருந்தார்கள். பச்சை மங்கினால் அணைக்காரர்கள் மதகைத் திறந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்துக்காக அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. இப்போது மீனைக் காணோம், பச்சை மட்டும் பளபளக்கிறது. யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?

கரையோரமாக நடந்தவள் அணையின் அடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகையைக் கண்டாள். உள்ளே சிமெண்ட் தொட்டிகளில், முதுகு கூனிய பெரிய மீன்கள் வால் திருப்ப இடமின்றி நெருக்கியடித்துக் கிடந்தன. தொட்டித் தண்ணீர் ஒரு குழாய் வழியாக ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அணை கட்டறப்ப புடிச்சதுங்க" என்றார் கொட்டகைக் காவலாளி மாரப்பன். "இந்தத் தண்ணி ஆத்துல போனா மேப்பு பச்சையாவே இருக்குமாமுங்க. ஆனா ஒண்ணுகூட முட்ட வெக்க மாட்டேங்குது."

எப்படி வைக்கும்? புதுவெள்ளத்தில் எதிர்நீச்சல் போட்டு, மலைமேல் கூழாங்கல் பரப்பில் முட்டையிடும் சாதி அது. குறுக்கே சுவரை எழுப்பிவிட்டுத் தொட்டியில் போட்டுவைத்திருக்கிறார்கள், பாவிகள். உலகத்தில் மிஞ்சிய கூன்கெண்டைகள் இவைதாம். மழைக்கு முன் அணைக்கு மேலே கொண்டுபோய் விட்டால் பிழைத்துக்கொள்ளும்.

ஆற்றுயிர் வாரிய இயக்குநர் அம்பலவாணன் அவள் சொன்னதைப் பாதிதான் கேட்டார்.

"மேடம், நீங்க செஞ்ச மெஷினே மீன் இருக்குங்குது. நீங்க இல்லைங்கறீங்க. நான் எதை நம்பறது?"

"ஆத்துல இறங்கிப் பாருங்க சார்!"

"அதுக்குத்தானே மெஷின் வெச்சிருக்கோம்? நாளைக்கு விழா. கூன்கெண்டைய அழிவுப் பட்டியல்ல இருந்தே எடுக்கறோம். உங்களுக்கும் பொன்னாடை இருக்கு, வந்துருங்க."

செந்திருவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உத்தரவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று மறுநாள் தண்ணீர் டேங்கர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கே போனாள். தொட்டிகள் கழுவிக் கவிழ்த்ததுபோல் காலியாக இருந்தன. குழாய் நின்றுபோயிருந்தது.

"காலையிலயே அள்ளிட்டுப் போயிட்டாங்க" என்றார் மாரப்பன், அவள் முகத்தைப் பார்க்காமல். "பட்டியல்ல இல்லாத மீனுக்கு எதுக்குத் தீனின்னாங்க. இனி மதகும் தொறக்க வேண்டாமாமுங்க. விழாவுல சாப்பாடாமுங்க."

அவள் விழாப் பந்தலுக்குள் ஓடியபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. பந்தலெங்கும் புளிக்குழம்பு மணம். மேடையின் பெரிய திரையில் ஆறு ஒரே பச்சைக்கோடாக ஓடியது. அணையின் அடியில் அந்தக் கோடு அணையத் தொடங்கியிருந்தது. தொட்டித் தண்ணீரின் கடைசி வாடை கீழே நகர நகர, பச்சையும் வளைவு வளைவாகச் செத்துக்கொண்டே வந்தது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்பலவாணன் அண்ணாந்து பார்த்தார். அவளைக் கண்டதும் எச்சில் கையாலேயே திரையைக் காட்டினார்.

"வாங்க மேடம், நல்ல நேரத்துல வந்தீங்க. மெஷின் மக்கர் பண்ணுது. கொஞ்சம் என்னன்னு பாருங்க."

"மெஷின் இன்னைக்குத்தான் சார் உண்மைய சொல்லுது."

"அப்போ நேத்து வரைக்கும் இருந்த மீனெல்லாம் எங்கம்மா போச்சு?"

செந்திரு குனிந்தாள். அவர் இலையோரம் ஒதுக்கியிருந்த மீனின் நடுமுள்ளை எடுத்து அவர் கண்ணெதிரே நீட்டினாள். அது கூனியிருந்தது.