கூண்டுக்குள் கருவாட்டு மணம்

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் காலை ஆறு மணிக்கு வாசனை வண்டி வரும். வீட்டுக்கு வீடு நின்று சமையலறை வடிகட்டிப் பைகளை வாங்கிக்கொண்டு போகும். ஒரே கூரையின்கீழ் நாலாயிரம் பேருக்கும் ஒரே காற்று. ஒரு வீட்டில் மீன் பொரித்தால் ஊரே மூன்று நாள் அதைச் சுவாசிக்க வேண்டும். பைகளால் தாளிப்பு வாசனையைப் பிடிக்க முடிந்தது. கருவாடு அவற்றுக்கு அடங்கவில்லை. ஆகவே அதற்குத் தடை.

அமலி மோத்தாவுக்கு அப்போது ஐந்தாவது மாதம். எதைச் சாப்பிட்டாலும் குமட்டியது. நாலு கிலோ எடை குறைந்திருந்தது. நாக்கு கருவாடு ஒன்றைத்தான் கேட்டது. தொட்டி மீனைக் காயவைத்து எடுத்துக்கொண்டு, காற்றுக் காப்பு அதிகாரி தாணுமூர்த்தியிடம் போனாள்.

"ஒரே ஒரு நாள் வறுத்துக்கிடுதேன் சார்."

"உங்களுக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்கம்மா."

அமலி படிக வேதியியலாளர். ஆய்வகத்தில் அவள் வளர்த்தது கூண்டுப் படிகங்கள். மணலிலுள்ள சிலிக்காவைக் காரநீரில் கரைத்து, ஒரு கரிம மூலக்கூறைச் சேர்த்து, எஃகுக் கலனில் அடைத்துச் சூடேற்றினால், சிலிக்கா அந்த மூலக்கூறைச் சுற்றியே கூண்டு கட்டும். கூண்டுக்கு வாசல் கிடையாது. உள்ளே மாட்டியது வெளியே வர, படிகத்தை உலையில் போட்டுச் சிதைக்க வேண்டும். பெரிய மூலக்கூறுகள் உள்ளே அடங்காமல் அவளை வருடக்கணக்கில் அழவைத்திருந்தன. கருவாட்டு நாற்றத்தின் மூலக்கூறோ சின்னது. அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

ஒரு படிகம் வளர மூன்று வாரம் ஆகும். அடுப்பில் கிடக்கிற வாணலி அவ்வளவு பொறுக்காது. இரண்டே மாதத்தில் அதை மூன்று நிமிடமாகச் சுருக்கி, அடுப்புக்கு மேல் கவிழ்க்கிற கலனாகவும் செய்துவிட்டாள்.

தாணுமூர்த்தியின் முன்னிலையில் வறுத்தாள். அவர் கலனைச் சுற்றிச் சுற்றி மோந்து பார்த்தார்.

"எண்ணெய்ச் சத்தம் மட்டும்தான் வருது," என்றார்.

கலனின் அடித்தட்டில் கல்லுப்புபோலப் படிகங்கள் உதிர்ந்தன. அமலி நின்றபடியே சோற்றில் பிசைந்து தின்றாள். குமட்டவில்லை. கண் கலங்கியது.

"சாருக்கு?"

"ருசிக்கு ஒண்ணு குடுங்க."

நாலு தின்றார். மறுநாளே தடை நீங்கியது.

வீட்டுக்கு வீடு கலன் வந்தது. மற்றச் சமையலின் சின்ன மூலக்கூறுகளும் அதில் அடைபட்டன; மிச்சத்தைப் பைகள் பிடித்தன. குடியிருப்பில் யார் வீட்டுச் சமையலும் யார் மூக்கையும் எட்டவில்லை. ஆனாலும் புகார்ப் பெட்டி நிரம்பியது. முன்பு வந்தவை, 'பக்கத்து வீட்டு நாற்றம் தாங்கவில்லை.' இப்போது வந்தவை, 'பக்கத்து வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்றே தெரியவில்லை. எதையோ மறைக்கிறார்கள்.'

குழந்தை பிறந்து அமலி வேலைக்குத் திரும்பிய அன்று ஆய்வக வாசலில் நீண்ட வரிசை. ஒவ்வொருவர் கையிலும், அடுத்த வீட்டுக் குப்பையிலிருந்து பொறுக்கிய படிகங்கள். எல்லோருக்கும் முன்னால் தாணுமூர்த்தி, காகிதப் பொட்டலத்தோடு.

"எதிர் வீட்டுதும்மா. என்ன குழம்புனு மட்டும் பாத்துச் சொல்லுங்க. காற்றுப் பாதுகாப்பு விஷயம்."

அமலி படிகங்களை உலையில் சிதைத்து, வெளிவந்ததை அளவுமானியில் படித்தாள்.

"படிக அளவைப் பாத்தா கலன் மூணு நாளா ஓடியிருக்கு சார். ஆனா சமையல் நடக்கல. கூண்டுக்குள்ள காத்துல உள்ள வெறும் நைட்ரஜன்தான் இருக்கு."

தாணுமூர்த்தியின் முகம் இருண்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்போ மூணு நாளா யார் வீட்டுல போய்ச் சாப்பிடுதாங்க?"