வேகம் குறைந்தபோது...

காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டில் மழை திடீரென்று கொட்டியது. ஒதுங்க ஓடிவந்தவன், ரோகிணியின் கையிலிருந்த டீயை மொத்தமாகத் தட்டிவிட்டான்.

"கண்ணை எங்குட்டு வச்சுக்கிட்டு வாரீக?"

சீறிக்கொண்டே நிமிர்ந்தாள்... சிவபிரகாஷ்!

அதே கண்கள்... இமையில் மழைத்துளி சொட்ட நின்றான். நான்கு மாதமாக மறக்கப் பார்த்து முடியாமல் போன முகம். பாழாய்ப்போன மனசு வெட்கமே இல்லாமல் துள்ளியது. அவளுக்கு முதலில் அதன் மேல்தான் கோபம் வந்தது.

நான்கு மாதம் முன்பு, ஹைதராபாத்தில், பெரிய விமானக் கம்பெனி ஒன்றின் பைலட் தேர்வு. இருவருமே சின்ன ஊர்களுக்குப் பறக்கும் சின்னக் கம்பெனிகளின் துணை விமானிகள். "காபி அங்குட்டு இருக்குங்க" என்று அவன் வாய்தவறிச் சொல்ல, "நம்ம ஊர்ப்பக்கமா?" என்று அவள் சிரித்துவிட்டாள். அவன் காளையார்கோவில், அவள் சிவகங்கை. அன்று காலை முழுக்க ஒரே பேச்சு... நிஜ விமானம் போலவே இயங்கும் சிமுலேட்டருக்குள்ளும் இருவரையும் ஜோடியாகவே உட்கார வைத்தார்கள்.

ஒருவர் ஓட்ட, மற்றவர் கவனிக்க வேண்டும். வேகம் குறைந்தால் விமானம் விழுந்துவிடும்; உடனே 'ஸ்பீட்' என்று உரக்கச் சொல்லியாக வேண்டும். அவன் ஓட்டும்போது தடுமாறினான். அவள் "ஸ்பீட்!" என்று கத்தினாள், சுதாரித்துக்கொண்டான். அவள் ஓட்டும்போது வேகம் குறைந்தது. அவன் வாயே திறக்கவில்லை... அதற்கு அவனுக்கு ரெண்டு மார்க்தான் போயிற்று. அவன் தேறிவிட்டான். அவளுக்குக் கிடைக்கவிருந்த வேலையே போயிற்று.

"வேற டீ சொல்லட்டுமா?" என்றான் தயங்கி.

"சொல்ல வேண்டியதை அன்னைக்கே சொல்லலை... டீயை மட்டும் சொல்லிருவீகளாக்கும்!"

"ரோகிணி... எப்பிடி இருக்கீக?"

"வீட்டுல இருக்கேன். எங்க கம்பெனியைப் போன மாசம் மூடிட்டாக. டெஸ்ட்ல தோத்தவ பெரிய கம்பெனிக்கு ஒரு வருசம் திரும்ப எழுதிப்போட முடியாது. அதுவரைக்கும் பறக்காம உக்காந்திருக்கவளை எவன் கூப்பிடுவான்? நல்லாக் கவுத்து விட்டீக!"

"சத்தியமா கவுக்கலைங்க!" என்று பதறினான். "வேகம் எறங்குறதைப் பாத்தேன். டெஸ்ட் எடுக்குறவரு பின்னாடியே உக்காந்திருக்காரு... அவரு முன்னாடி உங்க தப்பைச் சொல்ல மனசு வரலை. நீங்களே சரி பண்ணிருவீகன்னு நெனச்சேன். அன்னைக்குக் காலையிலேயே... உங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சு."

எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை! கேட்டதும் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. பொறாமையில் செய்தான் என்றால் காறித் துப்பிவிட்டுப் போயிருக்கலாம். இவன் ஆசையில் அல்லவா கெடுத்திருக்கிறான்!

"நெசமான பிளேனா இருந்து, பின்னாடி நூத்தியெம்பது பேரு உக்காந்திருந்தா? அப்பவும் என் மனசு நோகும்னு சும்மா இருப்பீகளா?"

அவன் காலடியில் உருண்டு கிடந்த டீக் கப்பை எடுத்து ஓரமாக வைத்தான். மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது.

சிவகங்கை பஸ் வந்து நின்றது. காளையார்கோவிலுக்கு அவனும் அதில்தான் போக வேண்டும். ஓரடி எடுத்து வைத்தான்.

"நீங்க அடுத்த பஸ்ல வாங்க."

படியேறியவள், கம்பியைப் பிடித்தபடி திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"எனக்கும்தான் உங்களைப் பிடிச்சிருந்துச்சு... அதுனாலதான் அன்னைக்கு 'ஸ்பீட்'னு கத்துனேன்."