வெளியே போகும்போது எடை

தங்கக் காசு அடித்த பழைய நாணயச்சாலையைப் பற்றிக் கல்லூரி மலருக்கு நாலு பக்கம் வேண்டுமாம். எழுத நான், துணைக்கு என் அறைத்தோழன் பீப்பாய். பெயர்க்காரணம் பார்த்தாலே தெரியும்.

மதியம் இரண்டு மணி. வாசல் கதவுக்கு உட்புறம் பதித்திருந்த இரும்புத் தராசு மேடையில் எங்களை ஏற்றி, எடையைச் சுவரில் சாக்கட்டியால் எழுதினார் காவலாளி. பீப்பாய் எண்பத்தொன்று.

“எதுக்குண்ணே இது?”

“அந்தக் காலத்துப் பழக்கம், தம்பி. யாரும் தங்கத்த முழுங்கிட்டுப் போயிடக் கூடாதுல்ல? வரும்போது என்ன எடையோ, போகும்போதும் அதே எடை. உள்ள எதையும் சாப்பிடாதீங்க.”

“சாப்பிட்டா?”

“ஒருத்தர் சாப்பிட்டார். எடை கூடுன காசு வில்லைய அரத்தால ராவிச் சரிபண்றவர். பசி தாங்காம ரெண்டு வாய் தின்னுட்டார். எடை சரியாகுற வரைக்கும் கதவத் திறக்க மாட்டோம்னுட்டாங்க.”

“அப்புறம்?”

“சரியாச்சு. அரம் அவர் கையிலதானே இருந்துச்சு.”

உலைக்கூடத்தின் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். பட்டப்பகலிலும் இருட்டு. அணைந்து எத்தனையோ வருடமான உலையிலிருந்து சூடான உலோக வாடை வந்தது.

பயந்தால் பீப்பாய்க்குப் பசிக்கும். பயப்படாவிட்டாலும் பசிக்கும். பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தான். எனக்கு ஒன்று. மற்றதெல்லாம் அவனுக்கு.

கர்... கர்...

“எலிடா,” என்றான் வாய் நிறைய.

சத்தம் நின்றது. பிறகு பக்கத்தில் கேட்டது.

ஓடினோம். வாசல் கதவு சாத்தியிருந்தது. காவலாளியைக் காணோம். நான் மேடையில் ஏறினேன். பழைய எடை. தாழ்ப்பாள் தானாக விலகியது.

பீப்பாய் ஏறினான். முள் எண்பத்தொன்றைத் தாண்டி ஒரு நூல் தள்ளி நின்றது.

தாழ்ப்பாள் மறுபடி விழுந்தது.

“மச்சான், விட்டுட்டுப் போயிடாதடா.”

“போகலடா.” போக முடியாது என்பதைச் சொல்லவில்லை.

கர்... கர்...

இப்போது மேடைக்கு அடியில்.

பீப்பாய் அலறினான். முள் மெல்ல இறங்கியது. எண்பத்தொன்று. கதவு திறந்தது.

வெளியே இழுத்துவந்து பார்த்தேன். செருப்பின் அடிப்பாகம் இல்லை. குதிகால் தோல் கண்ணாடிபோல் வழவழவென்றிருந்தது. ஒரு சொட்டு ரத்தமில்லை. சுத்தமான வேலை.

இது போன வாரம். பீப்பாய் ஊருக்குப் போய்விட்டான். நான் நாலு பக்கமும் எழுதி முடித்துவிட்டேன், நான் தின்ற ஒற்றை பிஸ்கட்டை மட்டும் விட்டுவிட்டு. ஏழெட்டு கிராம். அந்தக் கிழட்டுத் தராசுக்கு எங்கே தெரியப்போகிறது?

இன்று காலை தலையணையில் மெல்லிய வெள்ளைப் பொடி கிடந்தது.

கைபேசியைத் திறக்க விரலை வைத்தேன். அடையாளம் தெரியவில்லை என்றது. வேறு விரலை வைத்தேன்.

பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டேன்.