மூன்று கிட்டாரும் ஊமையான காலை

காலை பத்து மணி. கம்பத்தில், பூச்சிமருந்துக் கடை மாடியில் இயங்கும் ‘அனைத்துலக நாதவேள்வி இசைப் பேரவை’யில் இழவு விழுந்த வீட்டின் அமைதி. கூடலூர்ப் பிள்ளைகளோடு, கேரள எல்லைக்கு அந்தப்பக்கம் குமுளிப் பிள்ளை ஒன்றும் படிப்பதால் அனைத்துலகம்.

மேசையில் மூன்று எலெக்ட்ரிக் கிட்டார்கள். மூன்றின் கழுத்திலும், கம்பிகளின் மேலேயே, சந்தனப் பொட்டு. பள்ளிக்கு எந்த ரகம் வாங்குவது என்று பெற்றோர் முன்னால் ஒப்பிட்டுப் பார்க்கும் நாள். ‘முதலில் நிறுவனர் டாக்டர் சூரியபிரகாஷ் வாசித்தருள்வார்’ என்று வாசலில் ஃபிளெக்ஸ். டாக்டர் பட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் மாலையோடு சேர்ந்து வந்தது.

கிட்டார் டீச்சர் யுவராணி ஒரே ஒயரில் ஒவ்வொன்றாக மாட்டி, அடிப்பக்கம் கம்பியைத் தட்டிப் பார்த்தாள். ஆம்ப்ளிஃபயரில் விளக்கு எரிந்தது. சத்தம்தான் இல்லை.

“நேத்து சாயங்காலம் நல்லாத்தான பேசுச்சு!” என்று தலையில் கைவைத்தான், தேனிக் கடையிலிருந்து அவற்றைக் கொண்டுவந்த விஜய்பாண்டி.

“கவலற்க,” என்றார் டாக்டர். “அதிகாலையிலேயே மூன்றையும் தலா ஒரு மணிநேரம் வாசித்து மதிப்பிட்டுவிட்டேன். மூன்றாவதே சாலச் சிறந்தது.”

மூன்றாவதுதான் விலையும் கூடியது.

“அது கழுத்து தடி சார். பிள்ளைக விரல் எட்டாது,” என்றாள் யுவராணி. “வாங்கிட்டா மாத்தித் தர மாட்டாக. தப்பா வாங்குனா இந்த வருசம் கிட்டார் கிளாஸே போச்சு.”

மகளைச் சேர்க்க வந்திருந்த எஸ்.ஐ. உமாதேவி எழுந்தார். ஒயரை உருவி, அதன் முனையை நகத்தால் சுரண்டினார். கண்ணுக்கே தெரியாத செல்லோடேப் சுருண்டு வந்தது.

பின்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அய்யாத்துரை. டாக்டரின் பழைய மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர்.

“என்ன சிரிப்பு?” என்றார் உமாதேவி.

“இது எங்க குரூப்பு வேலதாம்மா. வீரபாண்டித் திருவிழாவுல ஒரே பாட்டையே விடிய விடியக் கேப்பாக. டேப்ப ஒட்டிட்டு, கிட்டாரு கெட்டுப்போச்சுன்னு ஜீப்பு ஏறிருவோம்.” அவர் குரல் இளகியது. “அப்பல்லாம் இவரு வெள்ளப் பேண்ட்டோட மேடையேறுனா, பஜ்ஜிக் கடைக்காரன் எண்ணெயக் கருகவிட்டுட்டு வந்து நிப்பான்.”

“இன்னைக்கு ஒட்டுனது நீங்களா?”

“நான் இப்பத்தான கோம்பை பஸ்ஸ விட்டு எறங்குறேன்!”

“காலையில கதவத் தொறந்தது யாரு?”

“நான்தான்,” என்றார் கூட்டிப் பெருக்கும் சங்கிலியம்மாள். “புதுப் பொருளாச்சேன்னு விடியக் கருக்கல்லயே பொட்டு வச்சேன். பெறகுதான் டாக்டரு வந்தாக. கதவச் சாத்திக்கிட்டாக.”

“கழுத்துல எதுக்கு வச்சீங்க?”

“பின்ன எங்கன வைக்க?”

உமாதேவி மூன்று கிட்டார்களையும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

“ஒட்டுனது நீங்கதான் டாக்டர். ஒரு மணிநேரம் வாசிச்சா, இடது கை விரல் கழுத்துல கம்பிய அமுக்கியிருக்கணும். சந்தனம் உதிர்ந்திருக்கும். மூணுலயும் வச்ச மாதிரியே காஞ்சிருக்கு. பொட்டுன்னு எல்லாரும் கும்பிட்டாக, அது கலையலன்னு ஒருத்தரும் பாக்கல. நீங்க ஒண்ணக்கூடத் தொடல. தொட முடியாதுன்னுதான் இதுகளையும் ஊமையாக்கிட்டீக.”

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். செந்தமிழ் அவரை விட்டு இறங்கிப் போயிருந்தது.

“சக்கர வியாதிம்மா. எடது கை விரலு மரத்துப் போச்சு. கம்பி இருக்கா இல்லையான்னே தெரியல. இம்புட்டுப் பேரு முன்னாடி எப்படிச் சொல்ல?”

யுவராணி சந்தனத்தைத் துடைத்தாள். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டாள். முதல் கிட்டாரை ஒயரில் மாட்டி அவர் மடியில் வைத்து, கழுத்தைத் தன் இடது கையால் பிடித்தாள்.

“நான் அமுக்குறேன். நீங்க மீட்டுங்க சார்.”

“மீட்டுப்பா பிரகாசு,” என்றார் அய்யாத்துரை.

முதலாவது கரகரத்தது. மூன்றாவதில் யுவராணியின் விரலே தடுமாறியது. “காசுக்கு மினுக்குது,” என்று டாக்டரே ஒதுக்கினார். இரண்டாவதில், திருவிழா மேடைகளில் வாசித்த துண்டு ஒன்று தானாக எழுந்தது. அவர் கண்கள் மூடிக்கொண்டன. செருப்பு தரையில் தாளம் போட்டது. கீழே கடைக்காரர் கல்லாவை விட்டுத் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

“இதுதான் பிள்ளைகளுக்கு.”

“சார், விலை கூடுனது...” என்று இழுத்தான் விஜய்பாண்டி.

“சும்மா இருலே,” என்றார் சூரியபிரகாஷ், கண் திறக்காமல். “கைய எடுத்துராத தாயி. பாட்டு இன்னும் முடியல.”