வாசல்படியில் சுருள் கல்

தீவுப் பட்டணத்துச் சூலியா தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஷேக் அலாவுதீனுக்கு, காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் என்றும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் பாதி தனக்குச் சேர வேண்டும் என்பது அவருடைய மைத்துனன் இஸ்மாயிலின் எண்ணம். அதனால்தான் 1934இல் ஒரு சனிக்கிழமை காலை, பூட்ஸ் காலோடு ஒரு மனிதர் மூச்சிரைக்க வந்து நின்றதும், அவனே முந்திக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"என் பேரு வேலு. அக்கரையில புக்கிட் தெங்கா பக்கம் ரோடு போடுற ஆளுங்கள வேலை வாங்குற மண்டோர்," என்றார் வந்தவர். "நாப்பது பேரு முன்னால என்னைத் திருடன்னுட்டாங்க அண்ணே."

சாலைக்காகக் குன்றை வெட்டிய இடத்தில் கறுத்த பாறை ஏடு ஏடாகப் பிரிந்து வந்ததாம். உள்ளே கல்லாய்ப் போன கடல் சிப்பிகள். வியாழக்கிழமை, உள்ளங்கை அகலத்தில் நத்தைச் சுருள் போல ஒன்று வேலுவின் சுத்தியலுக்குக் கிடைத்தது. ரோட்டு துரைக்குத் தலைகால் புரியவில்லை. செவ்வாய்க்கிழமைக் கப்பலில் சீமைக்கு அனுப்புவதாகச் சொன்னார். வேலு அதைப் பெட்டியில் வைத்து ஆணி அடித்து, பேரிப் படகு ஏறி, மாலை மழையோடு மழையாகத் தீவிலுள்ள துரை பங்களாவில் சேர்த்தார். வெள்ளிக்கிழமை திறந்து பார்த்தால் உள்ளே வேறொரு கல். துரை நேரே குன்று வெட்டுக்கே வந்து கத்திவிட்டுப் போனார்.

"திங்கக்கிழமைக்குள்ள கல்லு வரலைன்னா வேலையும் இல்ல, லயத்து வீடும் இல்ல. அதக்கூட விடுங்க. இந்தப் பேரோட நான் எப்படி அவங்கள வேலை வாங்குறது?"

"பங்களாவுக்குப் போவோம்," என்று எழுந்தார் அலாவுதீன்.

பெட்டியிலிருந்த கல் வெளிர் சாம்பல் நிறம். பூதக்கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக மினுங்கியது.

"இது தீவுக் கல்லு. நம்ம மலை பூரா இதுதான். அக்கரை வெட்டுல கிடைக்காது. அப்போ மாத்தினது இந்தப் பக்கம்தான்."

"வேலு அண்ணனே பேரிய விட்டு இறங்கி மாத்தியிருக்கலாம்லா?" என்றான் இஸ்மாயில்.

அலாவுதீன் தரையைக் காட்டினார். சாமான் அறைக் கதவுக்கு வெளியே, காய்ந்த சேற்றில் யாரோ கழற்றி வைத்தது போல ஒரு ஜோடி தோல் செருப்பின் தடம், வரிசை பிசகாமல். உள்ளே சேறு இல்லை. வேலு போட்டிருந்தது பூட்ஸ். வியாழன் இரவு பங்களாவில் இருந்தவர்கள் இருவர்: சமையற்காரர் நாகூர் மீரான், நெற்றியில் நாமம் துலங்கும், கணக்கெழுதும் கிராணி ராமசாமி. இருவர் காலிலும் தோல் செருப்பு. கேட்டால், இருவருமே கல்லைக் கண்ணால் பார்க்கவில்லை என்றார்கள்.

"சத்தம் கேக்கக்கூடாதுன்னு கழட்டியிருக்கான் மச்சான்!"

"சத்தத்துக்குப் பயந்தவன் கையில தூக்கிட்டுப் போவான் மாப்ளே. எல்லாரும் பாக்கட்டும்னு வாசல்ல ஜோடியா விட்டுட்டா போவான்?" அலாவுதீன் சிரித்தார். "நாளைக்கு வெட்டுக்குப் போறோம். எனக்கு இன்னொரு சுருள் வேணும்."

ஞாயிறு முழுக்க வெயிலில் வேலுவும் இஸ்மாயிலும் பாறையைப் பிளந்தார்கள். விசிறி போல வரி ஓடிய சிப்பிகள் வந்தன, நசுங்கிய சிப்பிகள் வந்தன, சுருள் மட்டும் வரவில்லை. இஸ்மாயிலின் கை கொப்புளித்தது. விட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் வேலு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு எந்த முகத்தோடு விடுவது? பொழுது சாயும் நேரத்தில் இஸ்மாயிலின் உளிக்கே அது கிடைத்தது, எலுமிச்சை அளவில்.

திங்கட்கிழமை காலை சாமான் அறைக்குள் துரையை உட்காரவைத்துவிட்டு, அந்தக் கல்லை வாசல்படியின் நடுவே வைத்தார் அலாவுதீன். ஒவ்வொருவராக உள்ளே வரச் சொன்னார்.

வேலு தாண்டி வந்தார். நாகூர் மீரான், "யாருலா வழியில கல்லப் போட்டது?" என்று முணுமுணுத்துக்கொண்டே தாண்டினார்.

ராமசாமி வந்தார். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. பின்வாங்கிச் செருப்பை உதறினார். குனிந்து, கல்லை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் எல்லோரும் தன்னையே பார்ப்பது அவருக்கு உறைத்தது.

"மத்தவங்களுக்கு அது நத்தை," என்றார் அலாவுதீன். "கிராணிக்குச் சாளக்கிராமம், பெருமாளே குடியிருக்கிற கல்லு. அந்த ராத்திரியும் அப்படித்தான். திருடப் போனவரு, சாமி இருக்கிற அறைன்னு செருப்ப வெளியே விட்டுட்டுப் போயிருக்காரு. பக்திதான் காட்டிக் கொடுத்துச்சு."

ராமசாமி கல்லை மார்போடு அணைத்துக்கொண்டார். "பெருமாளைக் கப்பல்ல ஏத்தி, கண்ணாடிப் பெட்டியில அடைக்கப் போறாங்கன்னாங்க. மனசு கேக்கல. வீட்டுல பூஜையில வச்சிருக்கேன். துரைகிட்டயே கொடுத்துடறேன். இதோட விட்டுடுங்க வேலு."

இஸ்மாயிலுக்கே பாவமாக இருந்தது. வேலு அசையவில்லை.

"ஒங்க சாமியக் காப்பாத்த என் தலையில கல்லத் தூக்கிப் போட்டீங்களே கிராணி. இந்த அறைக்குள்ள சொன்னா எனக்கு ஆவாது. நாப்பது பேரு முன்னால வந்து சொல்லுங்க."

மத்தியானம் வெட்டில் வேலை நின்றது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்த துரைக்குப் பக்கத்தில் ராமசாமி நின்றார்.

"கல்லை எடுத்தது நான். வேலுவுக்கு ஒண்ணும் தெரியாது," என்றார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அவர் மறுபடியும் உரக்கச் சொன்னார்.

நாற்பது பேரும் வேலுவைப் பார்த்தார்கள். அவர் முண்டாசை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"என்னலா வேடிக்கை?" என்று அதட்டினார் மண்டோர். "சுத்தியலைத் தூக்குங்க!"