கடற்பாசி சூப்பின் வாசம்

பள்ளி விட்டு மாடியேறும்போதே கும்சிலுக்கு அந்த வாசம் வந்துவிட்டது. எண்ணெயில் வதக்கிய கடற்பாசி, பூண்டு. கரியடுப்புப் புகைக்கும் முட்டைக்கோஸ் புளிப்புக்கும் நடுவே அது மட்டும் தனியாகத் தெரிந்தது. தன் வீட்டுக் கதவிடுக்கிலிருந்துதான் வருகிறது என்று புரிந்ததும் கால்கள் மெதுவாயின. பிறந்தநாளுக்குத்தான் அந்தச் சூப் வைப்பார்கள். கும்சிலின் பிறந்தநாளுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

உண்மையான கும்சில் காய்ச்சலில் செத்து இரண்டு வருஷமாகிறது. செத்ததை எங்கும் சொல்லாமல், இவளைப் பெற்றவர்களைப் போலீஸ் லாரியில் ஏற்றிப்போன வாரமே, அவர்களுடைய சிநேகிதி தன் செத்த மகளின் பெயரை இவளுக்குப் போட்டு வடகொரியாவின் இந்த சோங்ஜின் நகரத்துக்குக் கூட்டிவந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள்தான் அம்மா. பழைய பெயரை யார் கூப்பிட்டாலும் தலை திரும்பக் கூடாது. பழகிப் பழகி இப்போது பயம்கூடச் சரியாக வருவதில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடக்கிறது.

"மனசு கேக்கலடி," உள்ளே நுழைந்ததும் கிண்ணத்தை முன்னால் வைத்து அம்மா கிசுகிசுத்தாள். "சீக்கிரம் குடி."

கதவு தட்டாமலே திறந்தது. கட்டடத் தலைவி பாக். கையில் குடியிருப்போர் பதிவேடு.

"மத்தியானமே மணந்துச்சு கும்சில் அம்மா. யாருக்குப் பொறந்தநாள்? இதுல உங்க வீட்டுல யாருக்கும் இல்லையே."

"சும்மா... ஆசையா இருந்துச்சுன்னு வச்சேன்."

"ஆசைதான். எனக்கு ஒரு கிண்ணம் குடுத்தனுப்பத் தோணல பாருங்க." சிரித்தபடி பாக் தரையில் உட்கார்ந்தாள். "ஆபீஸ்ல கேட்டுட்டுதான் வரேன். இன்னைய தேதியில பொறந்த புள்ள, தேடுற பட்டியல்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

கும்சில் கிண்ணத்தை மட்டும் பார்த்தாள்.

"உன்ஜு," பாக் மெல்லக் கூப்பிட்டாள்.

தலை திரும்பவில்லை. பழகிய தலை.

அம்மாதான் திரும்பினாள். கும்சிலைப் பார்த்து.

பாக் பதிவேட்டை மூடினாள். படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்து வாசலில் நின்றது.

"அவசரமில்ல. புள்ள குடிச்சு முடிக்கட்டும். அப்புறம் போகலாம்."

அம்மா ஒரு கரண்டி ஊற்றினாள். அவள் குடித்தாள். சூடு தெரியவில்லை. உப்பு தெரியவில்லை. இன்னொரு கரண்டி. குடித்தாள். இன்னொன்று. வாசலில் யாரோ இருமினார்கள். கிண்ணத்தின் அடி தெரிந்தது.

அம்மா மறுபடி பாத்திரத்துக்குள் கரண்டியை விட்டாள். சுரண்டும் சத்தம்தான் கேட்டது. அம்மா சுரண்டிக்கொண்டே இருந்தாள்.